எட்டு மணி நேரத்தில் பிறந்த காரா? கோப்ராவின் எஞ்சின் மாறிய கதை



"பி.காம் படிக்கிற உனக்கும் கார் எஞ்சினுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்கப் போகிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கதையில் நட்டு, போல்ட்டு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு வியாபாரமும் இருக்கிறது. ஒரு ஸ்போர்ட்ஸ் காரில் முதல்முறையாக ஒரு எஞ்சினை மாட்டினார்கள், ஓட்டிப் பார்த்தார்கள், கழற்றினார்கள். பிறகு காரை விமானத்தில் ஏற்றி, வேறு ஊரில், வேறு ஆட்கள் வேறொரு எஞ்சினை மாட்டினார்கள். வரலாறு இரண்டாவது கூட்டத்தைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. இது சரியா என்பதுதான் இந்தக் கட்டுரை.

கார் பந்தயம் பார்ப்பவர்களுக்கு கோப்ரா என்ற பெயர் தெரிந்திருக்கும். தெரியாதவர்கள் கவலைப்பட வேண்டாம், முதலிலிருந்தே வருகிறேன்.

ஏசி என்றால் குளிர்சாதனம் அல்ல

இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்தில் தேம்ஸ் டிட்டன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஏசி கார்ஸ் என்ற கம்பெனி இருந்தது. ஆரம்ப காலத்தில் அவர்கள் செய்த ஆட்டோ கேரியர் என்ற மூன்று சக்கர சரக்கு வண்டியின் பெயர்ச் சுருக்கம்தான் இந்த ஏசி. (குளிர்காற்றை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும் :) )

1930இல் ஹர்லாக் குடும்பம் இந்தக் கம்பெனியை வாங்கியது. பெரிய கம்பெனி என்று நினைத்துவிடாதீர்கள். கார் மட்டும் செய்து பிழைக்க முடியாத அளவுக்குச் சின்னது. மாற்றுத் திறனாளிகளுக்கான மூன்று சக்கர வண்டிகளை அரசாங்கத்துக்குச் செய்து கொடுத்தார்கள். 1949இல் சவுத்எண்ட் கடற்கரைப் பாலத்தில் ஓடிய சின்ன ரயில்களைக்கூட செய்தார்கள். கையில் கிடைத்த வேலையைச் செய்து பட்டறையை ஓட்டிய மனிதர்கள்.

1953இல் இவர்கள் கொண்டுவந்த ஸ்போர்ட்ஸ் கார்தான் ஏஸ். அடியில் ஏணி மாதிரி இரண்டு தடித்த இரும்புக் குழாய்கள். அந்தச் சட்டத்தின் வடிவமைப்பு ஜான் டோஜீரோ என்பவருடையது. மேலே அலுமினியத் தகட்டைக் கையால் தட்டித் தட்டி வளைத்த உடல். பார்க்க அவ்வளவு அழகு. குறை ஒன்றே ஒன்றுதான், எஞ்சின். 1919 வாக்கில் வடிவமைத்த தங்கள் பழைய 2 லிட்டர் எஞ்சினையே அதிலும் வைத்திருந்தார்கள்.

1956இல் பிரிஸ்டல் கம்பெனியின் எஞ்சின் வந்தது. அதுவும் 2 லிட்டர்தான், சரியாகச் சொன்னால் 1971 சிசி, ஆறு சிலிண்டர். இது போருக்கு முன்பு ஜெர்மனியில் பிஎம்டபிள்யூ 328 காருக்காக வடிவமைத்த எஞ்சின். போர் முடிந்த பிறகு அந்த வரைபடங்கள் இங்கிலாந்துக்கு வந்தன, பிரிஸ்டல் விமானக் கம்பெனி அதைத் தயாரிக்க ஆரம்பித்தது. இந்த எஞ்சினோடு ஏஸ் நன்றாகவே ஓடியது. 1959 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஒட்டுமொத்தமாக 7வது இடம், 2 லிட்டர் பிரிவில் முதலிடம்.

ஆனால் 1961இல் பிரிஸ்டல் இந்த எஞ்சினைக் கைவிட்டது. ஏசியின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் "வாங்குவதா, நாமே தயாரிப்பதா" என்று ஒரு கணக்கு வருமே, அதில் வாங்குவது லாபம் என்று விடை வந்தால் சந்தோஷமாக அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம். விற்கிறவன் ஒருநாள் கடையை மூடினால் என்ன ஆகும் என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை. ஏசிக்கு நடந்தது அதுதான். அவசரத்துக்கு இங்கிலாந்து ஃபோர்டின் செஃபைர் காரில் இருந்த 2.6 லிட்டர் எஞ்சினை எடுத்து மாட்டினார்கள். வண்டி ஓடியது, ஆனால் அது நிலையான தீர்வு இல்லை.

கோழிப்பண்ணைக்காரர்

இப்போது அமெரிக்கா போவோம். கரோல் ஷெல்பி, 1923இல் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். கோழிப்பண்ணை வைத்தார், நோய் வந்து கோழிகள் செத்ததில் திவாலானார். பிறகு கார் பந்தயத்துக்கு வந்தார். 1959 லெ மான் பந்தயத்தில் ஆஸ்டன் மார்ட்டின் காரில் ராய் சால்வடோரியோடு சேர்ந்து முதலிடம் பிடித்தார். ஆமாம், ஏஸ் கார் 7வதாக வந்த அதே பந்தயம்.

அந்தச் சமயத்திலேயே அவருக்கு இதய நோய் இருந்தது. நாக்கின் அடியில் நைட்ரோகிளிசரின் மாத்திரையை வைத்துக்கொண்டு பந்தயம் ஓட்டியவர். 1960இல் ஓட்டுவதை நிறுத்த வேண்டியதாயிற்று. வயது 37, கையில் பெரிய காசு இல்லை. தலைக்குள் மட்டும் ஒரு யோசனை: ஐரோப்பாவின் லேசான காரில் அமெரிக்காவின் பெரிய வி-8 எஞ்சினை வைத்தால் என்ன?

உண்மையைச் சொன்னால் இது புது யோசனை அல்ல. சிட்னி ஆலார்ட் என்ற ஆங்கிலேயர் ஷெல்பிக்குப் பத்து வருடம் முன்பே இதைச் செய்துவிட்டார். ஆலார்ட் ஜே2 கார்கள் எஞ்சின் இல்லாமலேயே அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறும். வாங்கியவர்கள் காடிலாக் போன்ற வி-8 எஞ்சின்களை அங்கே மாட்டிக்கொள்வார்கள். 1950 லெ மான் பந்தயத்தில் காடிலாக் எஞ்சின் வைத்த ஆலார்ட் மூன்றாவதாக வந்தது. ஷெல்பியே 1950களில் ஆலார்ட் ஓட்டியவர்தான். ஆகவே "உலகத்திலேயே முதல்முறை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் காருக்கு முதல்முறை, அந்த எஞ்சினுக்கு முதல்முறை, அவ்வளவுதான். ஆனால் அந்த ஜோடி சரியாகப் பொருந்தியதுதான் விசேஷம்.

1961 செப்டம்பரில் ஷெல்பி ஏசியின் சார்லஸ் ஹர்லாக்குக்கு விமானத் தபாலில் கடிதம் எழுதினார், வி-8 எஞ்சின் பொருந்துகிற மாதிரி ஏஸ் காரை மாற்றித் தருவீர்களா என்று. பொருத்தமான எஞ்சின் கிடைத்தால் சரி என்று பதில் வந்தது. முதலில் செவ்ரோலெட்டிடம் கேட்டார். அவர்கள் மறுத்துவிட்டார்கள். தங்கள் கார்வெட் காருக்குத் தாங்களே போட்டி உண்டாக்குவார்களா என்ன?

ஃபோர்டிடம் அந்தப் பிரச்சினை இல்லை. கார்வெட்டோடு மோத அவர்களிடம் காரே இல்லை, எஞ்சின் மட்டும் இருந்தது. 1962 ஃபேர்லேன் என்ற சாதாரணக் குடும்பக் காருக்காகப் புதிதாகச் செய்த வி-8. 221 கன அங்குலம், நம் கணக்கில் 3.6 லிட்டர்.

இங்கே கொஞ்சம் தொழில்நுட்பம், பொறுத்துக்கொள்ளுங்கள். வி-8 என்றாலே வார்ப்பிரும்பில் செய்த பெரிய குண்டு என்று பெயர். எஞ்சினின் சுவர்களை வார்க்கும்போது பாதுகாப்புக்காகத் தடிமனாகவே வார்ப்பார்கள். ஃபோர்டு வார்ப்பு முறையை நுணுக்கமாக்கி, சுவர்களை மெல்லியதாகவே வார்த்தது. அதனால் இரும்பாக இருந்தும் அந்த எஞ்சினின் எடை சுமார் 210 கிலோதான். பழைய பிரிஸ்டல் ஆறு சிலிண்டர் எஞ்சினை விடக் கொஞ்சம்தான் அதிகம். இதுதான் மொத்தக் கதையின் சாவி. காரின் மூக்கில் பெரிய பாரம் ஏறாமலேயே பலத்தை மட்டும் ஏற்றலாம். பிரிஸ்டல் எஞ்சின் கொடுத்தது சுமார் 125 குதிரைத்திறன். ஃபோர்டு வி-8ஐ 260 கன அங்குலமாக (4.3 லிட்டர்) பெரிதாக்கி, நன்றாக முடுக்கிய வடிவம் கொடுத்தது 260 குதிரைத்திறன்.

ஷெல்பியின் சாமர்த்தியம் இன்னொன்று. ஏசியிடம் "என்னிடம் எஞ்சின் இருக்கிறது" என்றார், ஃபோர்டிடம் "என்னிடம் கார் இருக்கிறது" என்றார் என்று சொல்வார்கள். இரண்டு பக்கமும் அவர் காட்டியது தன் பணத்தை அல்ல, அடுத்தவரின் சம்மதத்தை. தரகு வேலை என்று கேலி செய்யலாம். ஆனால் சப்ளையரை இழந்த ஒருவரையும், ஸ்போர்ட்ஸ் கார் இல்லாத ஒருவரையும் சேர்த்து வைக்கிற வேலையை அதுவரை யாரும் செய்யவில்லையே.

மாட்டு, கழற்று, மறுபடி மாட்டு

1962 ஜனவரியில் தேம்ஸ் டிட்டனில் முதல் கார் தயாரானது. சட்டத்தின் எண் சிஎஸ்எக்ஸ் 2000. ஏசியின் பொறியாளர் ஆலன் டர்னர் தலைமையில் வேலை நடந்தது.

எஞ்சின் மாற்றுவது என்றால் பழையதைச் சங்கிலி கட்டித் தூக்கிவிட்டு புதியதை இறக்குவது என்றுதான் நானும் உங்களைப் போல நினைத்திருந்தேன். படிக்கப் படிக்கத்தான் தெரிகிறது, தூக்கி இறக்குவது கடைசி வேலை. தண்ணீரையும் ஆயிலையும் வடிக்கணும், ரேடியேட்டரை எடுக்கணும், ஒயர், பெட்ரோல் குழாய், புகைக்குழாய் எல்லாவற்றையும் பிரிக்கணும், கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் தண்டைக் கழற்றணும், கடைசியாகத்தான் எஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகள். இதுகூட எந்த நல்ல மெக்கானிக்கும் செய்கிற வேலை. அந்தக் காருக்காகச் செய்யாத எஞ்சினை வைக்கும்போதுதான் நிஜமான சிக்கல் தொடங்குகிறது.

முதல் சிக்கல் அகலம். வரிசையாக ஆறு சிலிண்டர் வைத்த எஞ்சின் நீளமாக, ஒல்லியாக இருக்கும். வி-8 இரண்டு பக்கமும் கையை விரித்து நிற்கும். ஸ்டீயரிங் பெட்டி அதன் வழியில் நின்றது. அதை வெளிப்பக்கமாகத் தள்ளி வைத்தார்கள்.

இரண்டாவது பலம். எஞ்சினின் முறுக்கு விசை அங்கேயே நின்றுவிடாது. கியர்பாக்ஸ், தண்டு, பின் அச்சின் டிஃபரன்ஷியல், சக்கரம் என்று வரிசையாகப் போகும், வழியில் எது நோஞ்சானோ அது உடையும். அதனால் ஏஸ் காரின் பழைய டிஃபரன்ஷியலை எடுத்துவிட்டு, ஜாகுவார் இ-டைப் காரில் இருந்த அதே வகை சாலிஸ்பரி டிஃபரன்ஷியலை வைத்தார்கள். எஞ்சினைத் தாங்கும் இடங்களைப் புதிதாகப் போட்டார்கள்.

ஓட்டிப் பார்த்தார்கள். திருப்தி. பிறகு அந்த 221 எஞ்சினையும் கியர்பாக்ஸையும் கழற்றிவிட்டார்கள்! 1962 பிப்ரவரி 2ஆம் தேதி எஞ்சின் இல்லாத கார் விமானத்தில் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் புறப்பட்டது. சாண்டா ஃபே ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் டீன் மூன் என்பவரின் பட்டறையில் ஷெல்பியின் ஆட்கள் 260 எஞ்சினையும் கியர்பாக்ஸையும் மாட்டி, எட்டு மணி நேரத்துக்குள் காரைச் சாலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

இந்த எட்டு மணி நேரத்தைத்தான் எல்லாரும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். கேட்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். எட்டு மணி நேரத்தில் ஏன் முடிந்தது? ஸ்டீயரிங்கை யாரோ முன்பே தள்ளி வைத்திருந்தார்கள். டிஃபரன்ஷியலை யாரோ மாற்றியிருந்தார்கள். போல்ட்டு போகிற ஓட்டை வரை யாரோ அளந்து வைத்திருந்தார்கள். 221, 260 இரண்டும் ஒரே குடும்பத்து எஞ்சின்கள், வெளியளவில் ஒன்றுதான். அந்த எட்டு மணி நேரத்துக்குப் பின்னால் தேம்ஸ் டிட்டனின் மாதக்கணக்கான யோசனையும் வேலையும் இருக்கிறது. ஒப்பனை முடிந்து மேடை ஏறியவருக்குத்தானே கைதட்டல்!

உடைந்ததும் வென்றதும்

ஷெல்பியிடம் அப்போது இருந்தது அந்த ஒரே கார். பத்திரிகைக்காரர்களுக்கு ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும்போது ஒவ்வொரு முறையும் வேறு நிறம் அடித்துக் கொடுத்தாராம், பல கார்கள் தயாராகிவிட்டன என்று ஊர் நினைக்கட்டும் என்று! மார்க்கெட்டிங் பாடத்தில் இதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை :)

1962 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ரிவர்சைட் மைதானத்தில் கோப்ராவின் முதல் பந்தயம். எதிரே புத்தம்புதிய கார்வெட் ஸ்டிங் ரே. பில் கிராஸ் ஓட்டிய கோப்ரா முன்னணியில் போனது, பின்சக்கரப் பகுதியில் ஒரு பாகம் உடைந்து நின்றது. மேலே சொன்ன நோஞ்சான் விதி நினைவிருக்கிறதா? அதுதான். அதைச் சரிசெய்தார்கள், 1963 தொடக்கத்திலேயே கோப்ராக்கள் ஜெயிக்க ஆரம்பித்தன. எஞ்சினும் 289 கன அங்குலம், அதாவது 4.7 லிட்டர் ஆனது.

தயாரிப்பு முறையைக் கவனியுங்கள். ஏசி காரை முழுதாகச் செய்து, வண்ணம் அடித்து, இருக்கை வரை தைத்து, எஞ்சினும் கியர்பாக்ஸும் மட்டும் இல்லாமல் அனுப்பும். கலிஃபோர்னியாவில் ஷெல்பியின் ஆட்கள் அவற்றை மாட்டுவார்கள். முதல் காரில் நடந்ததே தொழிற்சாலையின் நடைமுறை ஆகிவிட்டது.

பீட் பிராக் வடிவமைத்த கூரை போட்ட டேடோனா கூபே கார்கள் மொத்தம் ஆறுதான். 1964 லெ மான் பந்தயத்தில் டான் கர்னியும் பாப் பாண்டுரண்டும் அதில் ஒன்றை ஓட்டி ஜிடி பிரிவில் முதலிடமும் ஒட்டுமொத்தமாக நான்காவது இடமும் பிடித்தார்கள். 1965இல் பெரிய ஜிடி கார்களுக்கான உலகப் பட்டத்தை ஃபெராரியிடமிருந்து பறித்தார்கள்.

பெரிய எஞ்சின் வைத்தால் இன்னும் வேகம் என்ற ஆசை எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கும் இதே வரலாற்றில் சாட்சி உண்டு. 1964இல் செப்ரிங் பந்தயத்துக்காகப் பழைய சட்டத்திலேயே 427 கன அங்குல, 7 லிட்டர் எஞ்சினைத் திணித்துப் பார்த்தார்கள். ஓட்டியவர் கென் மைல்ஸ். பயிற்சியின்போதே கார் மரத்தில் மோதியது. பிறகுதான் 3 அங்குலக் குழாய்களை 4 அங்குலமாக்கி, பட்டை வில்களுக்குப் பதில் சுருள் வில் வைத்து, புதுச் சட்டமே செய்தார்கள். 1965இல் வந்த கோப்ரா 427 அதுதான். 221 எஞ்சின் பொருந்தியது அதிர்ஷ்டத்தால் மட்டும் அல்ல, எடை சரியாக இருந்ததால்.

தம்பி ஒருவன்: டைகர்

இதைப் பார்த்து இன்னொரு ஆங்கிலக் கம்பெனிக்கும் ஆசை வந்தது. ரூட்ஸ் கம்பெனி தன் சின்ன சன்பீம் ஆல்பைன் காரில் அதே ஃபோர்டு 260 எஞ்சினை வைக்கும் வேலையை ஷெல்பியிடம் கொடுத்தது. 1964இல் சன்பீம் டைகர் வந்தது. இடம் அவ்வளவு நெருக்கடி. ஜென்சன் தொழிற்சாலையில் தயாரிக்கும்போது எஞ்சின் உள்ளே போவதற்காகத் தகட்டைச் சம்மட்டியால் தட்டி ஒதுக்கினார்கள். ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற வேண்டுமானால் காருக்கு உள்ளேயிருந்து ஒரு ஓட்டை வழியாகக் கையை விடணும்.

அதன் முடிவுதான் எனக்குப் பிடித்த பகுதி. ரூட்ஸ் கம்பெனி 1967இல் கிரைஸ்லர் கைக்குப் போனது. கிரைஸ்லர் எப்படிப் போட்டியாளரான ஃபோர்டின் எஞ்சினைத் தன் காரில் வைத்து விற்கும்? சரி, நம் எஞ்சினையே வைப்போம் என்று பார்த்தால், ஃபோர்டு எஞ்சினுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கம், கிரைஸ்லர் எஞ்சினுக்குப் பின்பக்கம். அந்தச் சந்தில் இடமே இல்லை. டைகர் அதோடு முடிந்தது. பங்குகளைக் கைமாற்றுவது சுலபம், எஞ்சினை மாற்றுவதுதான் கஷ்டம்.

கடைசியில் யாருடைய கார்?

கோப்ரா தயாரிப்பு 1967இல் நின்றது. மொத்தம் சுமார் ஆயிரம் கார்கள். தேம்ஸ் டிட்டனில் கார் தயாரிப்பு 1980களில் முடிந்துபோனது. ஷெல்பி இதயமும் சிறுநீரகமும் மாற்றிக்கொண்டு 2012 வரை வாழ்ந்தார். (தனக்கே எஞ்சின் மாற்றிக்கொண்ட மனிதர்!) சிஎஸ்எக்ஸ் 2000 கடைசி வரை அவரிடமே இருந்தது. 2016 ஆகஸ்டில் அமெரிக்காவின் மான்டரேயில் அது ஏலத்துக்கு வந்தது. விலை 1 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் டாலர். அதுவரை ஏலத்தில் விற்ற அமெரிக்க கார்களிலேயே அதுதான் அதிக விலை என்று செய்தி வந்தது.

அமெரிக்க கார்! சட்டம் இங்கிலாந்து, அலுமினிய உடல் இங்கிலாந்து, டிஃபரன்ஷியல் இங்கிலாந்து, முதல் எஞ்சினை மாட்டி ஓட்டிப் பார்த்த இடமும் இங்கிலாந்து. இன்றும் சிலர் ஏசி கோப்ரா என்கிறார்கள், சிலர் ஷெல்பி கோப்ரா என்கிறார்கள், ஃபோர்டு கோப்ரா என்பவர்களும் உண்டு.

நம் கணக்குப் புத்தகத்தில் நற்பெயர் என்று ஒரு சொத்து உண்டு. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கம்பெனி கைமாறும்போது அதற்கும் விலை போடுவார்கள். கோப்ராவின் நற்பெயர் முழுவதும் ஒரே கணக்கில் வரவு வைக்கப்பட்டுவிட்டது. ஷெல்பிக்குச் சேர வேண்டியது இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர் கடிதம் எழுதாமல் இருந்திருந்தால் அந்தச் சட்டமும் அந்த எஞ்சினும் சந்தித்தே இருக்காது, பந்தயங்களில் ஜெயித்துக் காட்டியதும் அவர்தான். ஆனால் அலுமினியம் தட்டியவர்கள், ஸ்டீயரிங்கை எவ்வளவு தள்ளுவது என்று அளந்தவர்கள், எஞ்சினை முதலில் இறக்கிப் பார்த்துப் பிறகு தாங்களே கழற்றி அனுப்பியவர்கள் ஆகியோர் எந்தப் பேரேட்டில் வருகிறார்கள்?

அடுத்த முறை எங்காவது "எட்டு மணி நேரத்தில் பிறந்த கார்" என்று படித்தால், அதற்கு முந்தைய மாதங்களையும் சேர்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள். கூட்டல் சரியாக வந்தால்தானே ஐந்தொகை சமமாகும்?

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், பெயர் யாருக்குப் போகணும்? மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், சண்டை போடலாம் :)